மூன்று சொட்டு

ஜனவரி 1, வியாழன்

இந்த டைரி கிளாட்வின் கொடுத்தது. என் மகன். அவன் வேலை செய்யும் மாம்பழக்கூழ் கம்பெனி வருடத்துக்கு ஒன்று தருகிறது. பக்கத்துக்குப் பக்கம் மாம்பழப் படம். எழுத விட்ட இடத்தைவிட மாம்பழம் பெரிது.

நான் பள்ளிக்கூடம் பார்த்தவன் இல்லை. அறுபத்திரண்டு வயதில் மருமகள் ஜெயகுமாரி எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். டீச்சர். அதனால் என் எழுத்தும் அவளைப் போலவே யாரையும் நம்பாமல் சாய்ந்து நிற்கும். அதற்கு முன்னால் எனக்குக் கட்டைவிரல்தான். படிக்காதவனுக்கு எழுதி வைக்க வழியில்லை, அதனால் எல்லாவற்றையும் மண்டையிலேயே வைத்தேன். எழுபத்தொன்பது வயதில் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, தேதியும் கிழமையுமாக.

காலை ஆராதனை முடிந்ததும் கொட்டகைக்குப் போனேன். அம்பாசிடர், 1972. மிஷனுக்கு இருபத்தாறு வருடம் நான் ஓட்டிய வண்டி. மிஷன் விற்று, யார் யாரோ ஓட்டி, கடைசியில் ஒரு மாந்தோப்பில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததைப் போன வருடம் கிளாட்வின் வாங்கி வந்து ஓட வைத்தான். பிப்ரவரி 11 பேத்தி கேசியாவுக்குக் கல்யாணம். வீட்டிலிருந்து சர்ச்சுக்கு அவளை இந்த வண்டியில் நான்தான் ஓட்டிப்போவேன் என்று சித்தூர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

அந்த நாளில் ஒவ்வொரு புத்தாண்டுக்கும், பெரிய பயணத்துக்கும் வண்டிக்கு ஜெப எண்ணெய் விடுவேன். என்ஜினில் தீப்பொறி பிறக்கும் இடம் டிஸ்ட்ரிபியூட்டர். அதன் மூடியைக் கழற்றி உள்ளே ஒரு சொட்டு. இன்றும் விட்டேன். கல்யாண வருடம் என்பதால் மூன்று சொட்டு. பாஸ்டருக்குத் தெரியாது. எண்ணெய், கயிறு எல்லாம் அவருக்கு ஆகாது. ஆகாததை அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

ஜனவரி 8, வியாழன்

வண்டி நின்றுவிட்டது.

திருப்பதி சம்பந்தி வீட்டுக்குப் பத்திரிகைக் கட்டைக் கொண்டுபோனோம். ஓட்டியது கிளாட்வின். பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியது நான். பூதலப்பட்டு தாண்டியதும் ஒரு விக்கல். பிறகு இரண்டு. வேகத்தடைக்குக் காலை எடுத்தான், உயிர் போய்விட்டது.

"பெட்ரோலு நைனா. இப்ப பெட்ரோல்ல சாராயம் கலக்கறானுங்க இல்ல, பழைய வண்டிக்கு ஒத்துக்கல."

"அப்ப வண்டி குடிச்சிட்டுப் படுத்துக்குச்சின்ற."

பெட்ரோல் பம்புமேல் ஈரத்துணி போட்டால் சரியாகிவிடும் என்று எங்கேயோ பார்த்தானாம். ஜெயகுமாரி சம்பந்தி வீட்டுக்கென்று வாங்கி வைத்திருந்த புதுத் துண்டை நனைத்துப் போட்டான். அவள் முகத்தைப் பார்த்திருந்தால் வண்டி பயந்தாவது கிளம்பியிருக்கும். சாலையில் போகிறவர்கள் எல்லாம் நிறுத்தி, "அம்பாசிடர் சார், சூப்பர் சார்!" என்றார்கள். படம் எடுக்கப் பதினோரு பேர். தள்ள ஒருவர் இல்லை.

ஒரு மணி நேரம் ஆறிய பிறகு தானே கிளம்பியது.

திரும்பி வரும்போது கிளாட்வின், "திருப்பதியில சிட்டிபாபு கிட்ட காட்டலாம் நைனா. பழைய வண்டின்னா இப்ப அவருதான்" என்றான்.

இந்த வண்டியில் சிட்டிபாபு கை படக்கூடாது என்றேன். 1989இல் இதே சாலையில் இதே வண்டியை நிற்க வைத்தவன் அவன். மிஷன் கொட்டகையில் மெக்கானிக்காக இருந்தான். டைமிங்கைத் தப்பாக வைத்தான், வேலை போனது. ஊருக்கே தெரிந்த கதை.

ஜனவரி 10, சனி

ரமணா வந்தான். கட்டமஞ்சி பக்கம் ஷெட் வைத்திருக்கிறவன். கையில் ஸ்பானர் இல்லை, லேப்டாப். பத்து நிமிடம் டேஷ்போர்டுக்குக் கீழே தலைகீழாகக் கிடந்தான்.

"இன்னா தேடற?"

"இத சொருகற ஓட்டை எங்க இருக்குது தாத்தா?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே அடைச்சிட்டாங்க."

பிறகு ஃபோனை என்ஜின்மேல் வைத்தான். ஃபோன் சத்தத்தைக் கேட்டு டைமிங் சொல்லுமாம். டைமிங் என்பது வேறொன்றும் இல்லை, பிஸ்டன் மேலே வரும் நேரத்துக்குத் தீப்பொறி விழ வேண்டும். முந்தினால் உதைக்கும். பிந்தினால் இழுக்காது, சைலன்சரில் வெடிக்கும். அதை ஃபோன் கேட்டுச் சொல்லியது: மாட்டு வண்டி போன்ற ஓசை, அருகில் விவசாயம் நடக்கிறது என்று.

கடைசியில் மூடியைத் திறந்தான். உள்ளே இரண்டு சின்னப் பொட்டுகள் ஒட்டி ஒட்டிப் பிரியும், அதற்குப் பாயிண்ட் என்று பெயர். பிரியும்போதுதான் தீப்பொறி. இரண்டும் கறுத்திருந்தன. உப்புத்தாளால் தேய்த்தான். காயிலை மாற்றினான். கண்டென்சரை மாற்றினான். டிஸ்ட்ரிபியூட்டரையும் ஒரு விரல் அளவு திருப்பினான். நான்கு வேலையும் ஒரே மூச்சில். வண்டி கிளம்பியது.

"டைமிங்கு தாத்தா. டைமிங்குதான்."

"1989லயும் அதுதாண்டா" என்றேன்.

ஜனவரி 12, திங்கள்

ஓடுகிறது.

ஜனவரி 13, செவ்வாய்

நின்றுவிட்டது. கலெக்டர் ஆபீஸ் வாசலில். போலீஸ்காரர் வந்து, எதற்காகப் போராட்டம் என்று கேட்டார்.

ஜனவரி 14, புதன். போகி

ரமணா மறுபடி வந்து மறுபடி தேய்த்து மறுபடி திருப்பினான். சைலன்சரில் டமார் என்று ஒரு வெடி. அக்கம்பக்கத்தார் போகிப் பட்டாசு என்று நினைத்துக் கை தட்டினார்கள். கிறிஸ்தவர் வீட்டிலும் போகி கொண்டாடுகிறார்களே என்று ஒரு அம்மா சந்தோஷப்பட்டாராம்.

இதற்குமேல் பொறுக்க முடியாது. என் காது போதும்.

ஜனவரி 16, வெள்ளி

என்ஜினை ஓடவிட்டு, காதைச் சாய்த்து, டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் மெல்லத் திருப்பி, ஓசை எங்கே இனிக்கிறதோ அங்கே நிறுத்தினேன். மிஷனில் அப்படித்தான் வைப்பேன். ஜெயகுமாரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலிங் பெல்லு கேக்கல, குக்கர் விசில் கேக்கல. என்ஜினு மட்டும் கேக்குதா மாமா?"

கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

ஜனவரி 18, ஞாயிறு

சர்ச்சில் முதல் ஓலை வாசித்தார்கள். கேசியா பெயர், மாப்பிள்ளை பெயர், ஊர், சபை. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் இருந்தால் தெரிவிக்கவும் என்றார் பாஸ்டர். மூன்று ஞாயிறு இப்படிக் கேட்பார்கள். யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். தடை என்றால் இப்போது ஒன்றுதான், அது கொட்டகையில் நிற்கிறது.

ஜனவரி 20, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கல்யாண நாள் ஒத்திகை என்று வீட்டிலிருந்து சர்ச் வரை ஓட்டினேன். கேட்டில் நின்றுவிட்டது. பேட்டரியும் இறங்கிப்போனது. ஹாண்டில் போட்டுச் சுற்றுடா என்று கிளாட்வினிடம் சொன்னேன். சுற்றினான். ஹாண்டில் திருப்பி உதைத்தது. மணிக்கட்டு பூசணிப் பிஞ்சுபோல் வீங்கிவிட்டது.

தீப்பொறி முந்தினால்தான் ஹாண்டில் உதைக்கும். டைமிங்கை அவ்வளவு முந்தி வைத்தது யார்? ரமணா இல்லை. ஓசை இனித்தது என்று வைத்தவன்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் கேசியா லீவில் வந்திருந்தாள். அவள்தான் கட்டுப் போட்டாள். எலும்பு உடையவில்லை.

"கல்யாண ஆல்பத்துல அப்பா கட்டோட நிப்பாரு. போவட்டும் தாத்தா, இன்னோவா சொல்லிக்கலாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள். இன்னோவா!

ஜனவரி 22, வியாழன்

கொட்டகையில் வண்டி இல்லை.

"சர்வீஸுக்குப் போயிருக்குது மாமா" என்றாள் ஜெயகுமாரி.

"எங்க?"

"திருப்பதியில."

"திருப்பதியில எங்க?"

வெங்காயம் நறுக்க வேண்டும் என்று உள்ளே போய்விட்டாள். வீட்டில் வெங்காயம் இல்லை. வாங்கி வரச் சொல்லிக் காலையில் என்னைத்தான் அனுப்பியிருந்தாள், நான் மறந்துவிட்டு வந்தேன்.

கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போயிருக்கிறான். சிட்டிபாபுவிடம்.

ஜனவரி 23, வெள்ளி

கிளாட்வின் அங்கிருந்து ஃபோன் செய்தான்.

சிட்டிபாபு என்ஜினைத் தொடவே இல்லையாம். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, யார் யார் என்னென்ன செய்தீர்கள் என்று முதலில் கேட்டானாம். பிறகு ரமணா மாற்றிய காயிலைக் கழற்றிப் பழையதைப் போட்டுப் பார்த்தான். அது நன்றாகவே இருந்தது. பழைய கண்டென்சரைப் போட்டுப் பார்த்தான். அதுவும் நன்றாகவே இருந்தது. ஒன்று செய்வான், பார்ப்பான், அடுத்தது. அரை நாள் ஆனது. கடைசியாக மூடியைத் திறந்து மூக்கை உள்ளே வைத்தானாம்.

"உள்ள ஒரு சின்னக் கம்பளித் துண்டு இருக்குது இல்ல நைனா, அது பூரா எண்ணெ ஊறிக்கினு இருக்குது. ரமணா தேச்சா ரெண்டு நாள் ஓடுது. சூடு ஏறினதும் மறுபடியும் எண்ணெ கசிஞ்சு பாயிண்ட்டு மேல படுது, கரியாயிடுது. அதுதான் நிக்குதாம்."

"டைமிங்கு?"

"அது மொதல்ல இருந்து சரியாத்தான் இருந்துச்சாம். நாமதான் ஆளுக்கு ஒரு தபா திருப்பிக் கெடுத்தோமாம். இப்ப பல்பு வெச்சு அவரே சரி பண்ணிட்டாரு. எண்ணெ எவரு ஊத்தினதுன்னு கேக்கறாரு நைனா."

"கேக்கல. லைன் சரியில்ல" என்றேன்.

என் காது ஒருமுறையாவது எனக்கு உதவியது.

ஜனவரி 24, சனி

கிளாட்வின் பஸ்ஸில் திரும்பி வந்தான். வண்டி வரவில்லை.

வண்டி தயாராம். காசு எதுவும் வேண்டாமாம். ஆனால் சாவியை டிரைவரண்ணாவிடம் மட்டும்தான் கொடுப்பானாம். அவரே வந்து எடுத்துக்கொண்டு போகட்டும் என்றானாம்.

"ஒரு நட போய்ட்டு வா நைனா. இன்னா ஆயிடப்போவுது?"

என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாது. சிட்டிபாபுவுக்குத் தெரியும். மூக்கை வைத்தானே.

ஜனவரி 25, ஞாயிறு

இரண்டாம் ஓலை. பாஸ்டர் தடையைப் பற்றிக் கேட்டபோது என் பக்கமே பார்த்தார். என் பக்கம் மின்விசிறி ஸ்விட்ச் இருக்கிறது, அதைத்தான் பார்த்திருப்பார்.

ஜனவரி 26, திங்கள்

ஜனவரி 8ஆம் தேதிப் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். ஊருக்கே தெரிந்த கதை என்று எழுதியிருக்கிறேன். ஊருக்குத் தெரிந்தது நான் சொன்ன கதை. மண்டையில் இருப்பது இது:

1989, ஆகஸ்ட் 16, புதன். சுதந்திர தினத்துக்கு மறுநாள். சென்னையிலிருந்து மிஷன் கமிட்டிக்காரர்கள் நான்கு பேர். முதல்நாள் சாயங்காலம் சிட்டிபாபு பாயிண்ட்டைச் சுத்தம் செய்து, பல்பு வைத்துப் பார்த்து, டைமிங்கைச் சரியாக வைத்தான். நான் பக்கத்தில் நின்றேன், பார்த்தேன். அவனுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. என்னை அண்ணா என்பான்.

மறுநாள் காலையில் நான் மூடியைத் திறந்தேன். பெரிய மனிதர்கள் வருகிறார்கள், வழக்கமான ஒரு சொட்டு போதாது என்று மூன்று விட்டேன்.

மூன்று. எழுதும்போதுதான் கண்ணில் படுகிறது. ஒரு சொட்டை அந்தக் கம்பளித் துண்டு குடித்துவிடும், கெடுதல் இல்லை, நன்மைகூட. இத்தனை வருடத்தில் நான் மூன்று விட்டது இரண்டே தடவை. இரண்டு தடவையும் வண்டி நின்றது. இவ்வளவு ஞாபகம் இருக்கிற மண்டைக்கு இது மட்டும் எப்படித் தோன்றாமல் போனது? தோன்றவில்லையா, தோன்றவிடவில்லையா?

காணிப்பாக்கம் கூட்டு ரோட்டில் நின்றது. வெள்ளை உடையில் நான்கு பேரும் இறங்கித் தள்ளினார்கள். செயலாளருக்குச் செருப்பு பிய்ந்தது. பிறகு அவர்கள் பஸ் ஏறிப் போனார்கள், நான் வண்டியோடு நின்றேன். மூடியைத் திறந்தேன். பாயிண்ட் இரண்டும் எண்ணெயும் கரியுமாக இருந்தன. பனியன் ஓரத்தால் துடைத்தேன். துடைக்கும்போதே டிஸ்ட்ரிபியூட்டரையும் ஒரு நகம் அளவு திருப்பினேன். வண்டி கிளம்பியது. துடைத்ததும் நான், திருப்பியதும் நான். இரண்டில் எது சரிசெய்தது என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. திருப்பியதுதான் என்று வைத்துக்கொண்டேன். டைமிங் தப்பு என்று ஆனால் அது சிட்டிபாபு வேலை. எண்ணெய் என்று ஆனால் என் வேலை.

ஆனால் கிளம்புவதற்கு முன் அந்தக் கம்பளித் துண்டைப் பிடுங்கி வேலிக்கு அந்தப்பக்கம் எறிந்தேன். ஒன்றும் தெரியாதவன் அதை எதற்கு எறிவான்?

அடுத்த நாள் விசாரணை. கடைசியாக வண்டியில் கை வைத்தது யார் என்றார்கள். சிட்டிபாபு என்றேன். பெரியவர் ஒருவர் எழுதினார். நான் கட்டைவிரல் வைத்தேன். மிஷனில் எண்ணெய், தாயத்து என்று போனவனுக்கு அன்றே கணக்கு முடித்துவிடுவார்கள். எனக்குப் பிள்ளைகள் இருந்தார்கள் என்று இங்கே எழுதலாம். சிட்டிபாபுவுக்கும் இரண்டு இருந்தார்கள்.

அவன் வெளியே வேப்பமரத்தடியில் நின்றான். "அண்ணா, நெஜமா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டான். நான் குனிந்து டயரில் ஒட்டாத சேற்றைத் துடைத்தேன்.

ஜனவரி 29, வியாழன்

அவன் திருப்பதி போய் நன்றாகத்தானே இருக்கிறான்? ஷெட், மாடி வீடு, மூன்று மொழியில் போர்டு. மிஷனில் இருந்திருந்தால் என்னைப்போல் ஓய்வு பெற்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டு இருப்பான். ஒரு வகையில் நான் செய்தது நன்மை.

இதை எழுதிவிட்டு இரண்டு தடவை படித்தேன். பக்கத்திலிருக்கும் மாம்பழம்கூடச் சிரிக்கிறது.

பிப்ரவரி 1, ஞாயிறு

மூன்றாம் ஓலை. தடை அறிந்தவர்கள் இருந்தால் இதுவே கடைசி என்றார் பாஸ்டர். இருமினேன். வேண்டுமென்று இல்லை, தொண்டைதான். மொத்தச் சபையும் திரும்பியது. கேசியா முகம் வெளுத்துவிட்டது.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். "இன்னா தாத்தா நீ, உசுரே போச்சு! ஏதாவது சொல்லணும்னா இப்ப சொல்லு."

"ஒன்னும் இல்லம்மா. வேற ஒருத்தர் கிட்ட சொல்ல வேண்டியது."

"அப்ப அங்க போய் இருமு."

கல்யாணத்தைத் தள்ளிப்போடவும் முடியாது. பதினெட்டாம் தேதி சாம்பல் புதன், தவக்காலம் பிறந்துவிடும், பிறகு ஈஸ்டர் வரை கல்யாணம் இல்லை. இன்னோவாக்காரன் இரண்டு முறை ஃபோன் செய்துவிட்டான்.

பிப்ரவரி 2, திங்கள்

ஒரு யோசனை. நேரில் பேசினால்தானே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்குத்தான் இப்போது எழுத வருமே! ஒரு தாளில் எழுதி, மடித்து, கையில் கொடுத்து, அவன் படிக்கிற நேரம் நான் வண்டியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். படித்த மனிதர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

ஐந்து தாள் கிழித்தேன். ஆறாவது தாளில் ஐந்து வரி.

பிப்ரவரி 3, செவ்வாய்

காலை பஸ். கிளாட்வினும் கட்டுப் போட்ட கையோடு வந்தான்.

ரேணிகுண்டா ரோட்டில் ஷெட். நான்கு ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வண்டி சரியாவதற்குக் காத்திருந்த ஒருவர் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். சிட்டிபாபு தலைக்குச் சாயம் அடித்திருக்கிறான், மீசையை மறந்துவிட்டான். எழுந்திருக்கவில்லை.

"ஏம் டிரைவரண்ணா! வழி தெரிஞ்சுதா?"

"பஸ்ஸுக்குத் தெரிஞ்சுது."

தாளை நீட்டினேன். கண்ணாடி கொண்டுவரச் சொன்னான். போட்டான். தாளைப் பார்த்தான். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான்.

"இது அரவம், தமிழு. எனக்குப் பேசத்தான் வரும் அண்ணா. படிச்சது தெலுகு இஸ்கூலு."

முப்பத்தாறு வருடத்தை ஐந்து வரியில் அடக்கியவன், எந்த மொழியில் என்று யோசிக்கவில்லை. பதினேழு வருடம் மிஷன் கொட்டகையில் என்னோடு தமிழிலேயே சண்டை போட்டவன், அவனுக்குப் படிக்கவும் வரும் என்றே இருந்துவிட்டேன்.

"கிளாட்வின் படிப்பான்" என்றேன்.

"கிளாட்வினா எழுதினான்?"

"இல்ல."

"எழுதினவன் படிக்கட்டும்."

இளநீர்க்காரர் உறிஞ்சுவதை நிறுத்திவிட்டார். நான் எழுத்துக்கு அடியில் விரல் வைத்துத்தான் படிப்பேன். அப்படியே படித்தேன்:

"1989 ஆகஸ்ட் 16. டைமிங்கைச் சிட்டிபாபு சரியாக வைத்தான். எண்ணெய் விட்டது நான். அதனால்தான் வண்டி நின்றது என்று தெரிந்தும் கமிட்டியில் அவன் பெயரைச் சொன்னேன். இந்த வருடமும் எண்ணெய் விட்டது நான்தான். தனராஜ்."

கிளாட்வின் என்னைப் பார்க்கவில்லை, தன் கைக்கட்டைப் பார்த்தான்.

சிட்டிபாபு கண்ணாடியைக் கழற்றினான். "நடுவுல 'தெரிந்தும்'னு ஒரு மாட்ட, ஒரு வார்த்த, வந்துச்சே. அத இன்னொரு தபா படி."

படித்தேன்.

"கீழ இருக்கறது இன்னா, கையெழுத்தா?"

"கையெழுத்து. எழுதக் கத்துக்கினேன்."

"அன்னிக்கி கட்டவெரலு வெச்ச. அதுக்கு இது ஈடாவாது அண்ணா. கட்டவெரலே வை."

மேசை டிராயரைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். செய்தித்தாளில் மடித்த அந்தக் கம்பளித் துண்டு. பத்து நாளாக எனக்காகவே வைத்திருக்கிறான். அதில் கட்டைவிரலை அழுத்தினேன். கறுப்பு எண்ணெய் நன்றாகவே ஒட்டியது. என் கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அவன் அந்தத் தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில், இன்ஷூரன்ஸ் காகிதத்துக்குப் பக்கத்தில், செருகினான். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது. அதனால் என்னவென்று கேட்பார்கள். அவன் சொல்லுவான். திரும்பத் திரும்பச் சொல்லுவான்.

சாவியைக் கொடுத்தான். கையில் வைக்கவில்லை, பானெட்மேல் வைத்தான்.

"ஒரு மாட்ட அண்ணா. ரெண்டு வேலைய சேத்து செய்யாத. ஒன்னு செஞ்சு பாரு, ஆவலன்னா இன்னொன்னு. ரெண்டும் ஒன்னா செஞ்சா, எது நோவுன்னு உனக்குத் தோதானத சொல்லிக்கலாம்."

மன்னிப்பு என்று நான் கேட்கவில்லை. தாளிலும் இல்லை. ஆறாவது தாளில் இடம் இருந்தது. ஏன் எழுதவில்லை? தெரியவில்லை. அவனும் காபி என்று சொல்லவில்லை. இளநீர்க்காரருக்கு மட்டும் இன்னொரு இளநீர் வந்தது.

திரும்பும்போது நான் ஓட்டினேன், கட்டுக் கையோடு கிளாட்வின் எப்படி ஓட்டுவான். பூதலப்பட்டு நெருங்கியது. அந்த வேகத்தடை வந்தது. காலை எடுத்தேன். ஏறி இறங்கியது.

"நிக்கல" என்றான்.

"நிக்கல" என்றேன்.

பிப்ரவரி 5, வியாழன்

ஜெப எண்ணெயை இனிமேல் முழங்காலுக்கு மட்டும் என்று முடிவு. அங்கே தீப்பொறி வருகிற பாடு இல்லை.

பிப்ரவரி 7, சனி

கிளாட்வின் மூன்று நாளாக என்னிடம் தேவைக்கு மட்டும் பேசுகிறான். இன்று சாப்பிடும்போது திடீரென்று, "அந்தச் செக்ரெட்டரி செருப்பு பிஞ்சது நெசமா நைனா?" என்றான்.

"நெசம். இடது கால்."

சோற்றைப் பார்த்துக்கொண்டே சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டான். பாதிச் சோறு தட்டிலேயே இருந்தது.

பிப்ரவரி 11, புதன்

கல்யாணம். வீட்டிலிருந்து சர்ச் வாசல் அரை மைல். நான்தான் ஓட்டினேன். பின்சீட்டில் கேசியா, "மெதுவா தாத்தா, பூவு பறக்குது" என்றாள். பதினைந்துக்கு மேல் போகவில்லை, இதற்குமேல் மெதுவாகப் போனால் பின்னால் நடந்து வருகிறவர்கள் முந்திவிடுவார்கள். கேட்டில் நிற்கவில்லை. அதாவது, நான் நிறுத்திய பிறகுதான் நின்றது.

சிட்டிபாபுவுக்குக் கிளாட்வின் பத்திரிகை கொடுத்திருந்தான். வரவில்லை. வருவான் என்று யார் சொன்னது?

சாயங்காலம் பரிசுகளைப் பிரித்தார்கள். ஒன்பது சுவர்க்கடிகாரம். மின்னும் தாளில் சுற்றிய ஒரு குட்டிப் பெட்டி, நகை என்று எல்லோரும் கூடினார்கள். உள்ளே ஒரு புது கண்டென்சர், ஒரு ஜோடி புது பாயிண்ட், ஒரு துண்டுச் சீட்டு. தெலுங்கு எழுத்து. எனக்குத் தெலுங்கு பேசத்தான் வரும். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அன்று என் தாளைப் பார்த்தபோது அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது.

கேசியா வாங்கிப் படித்தாள். "நூனெ போயொத்து. எண்ணெ ஊத்தாதன்னு எழுதியிருக்குது தாத்தா. யாரு இது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

பிப்ரவரி 28, சனி

சிட்டிபாபு வந்தான். சித்தூரில் ஏதோ வேலையாம். நேராகக் கொட்டகைக்குப் போனான், பானெட்டைத் திறந்தான், மூடியைக் கழற்றினான், முகர்ந்து பார்த்தான். மூடினான். போய்விட்டான். ஜெயகுமாரி தண்ணீர்ச் சொம்போடு வாசலில் நின்றாள். அவன் திரும்பியும் பார்க்கவில்லை.

மார்ச் 14, சனி

இன்றும் வந்தான். முகர்ந்தான். மூடினான். பாயிண்ட் நன்றாக இருக்கிறது என்று என்னிடம் சொல்லவில்லை, வண்டியிடம் சொன்னான்.

ஜெயகுமாரி வேண்டுமா என்று கேட்கவில்லை. காபியைக் கொண்டுவந்து பானெட்மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் டம்ளரைப் பார்த்தான். நான் டயரைப் பார்த்தேன். நின்றபடியே கொஞ்சம் குடித்தான். சர்க்கரை ஜாஸ்தி என்றான். போய்விட்டான்.

பாதி மிச்சம் இருந்தது. ஜெயகுமாரி வந்து கொட்டப் போனாள்.

"இரும்மா" என்றேன். "போன தபா தண்ணியே வாங்கல அவன்."